பைப்புக் குழிக்குள் இறங்கி ஏறுவது

அத்தைக்கு அடி எதுவும் படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் "விழுந்துட்டாவளாமே?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அவள் விழவே இல்லை. கீரை ஆய்வதற்காக அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். ஆய்ந்து முடித்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்து கட்டிலோடு கிடந்தவள். காய்ச்சல் போகும்போது தொடையில் இருந்த சதையையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. கீரைக்கட்டைப் பிரித்தபோது அது அவளுக்குத் தெரியாது. எழுவதற்காக சிலிண்டரைப் பிடித்திருக்கிறாள், அது உருண்டது. அலமாரிக் கதவைப் பிடித்திருக்கிறாள், அது திறந்துகொண்டது. தெருக்கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப்புறம் காய்கறி ஆட்டோ மைக்கில் தக்காளியைக் கூவிக்கொண்டு போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். அத்தை யாரையும் கூப்பிடவில்லை. காலம் முழுக்க வகுப்பில் "கத்தாதீங்கலே" என்று அதட்டியே ரிட்டயர் ஆன டீச்சர் அவள். தெருவைப் பார்த்துத் தானே கத்துவது அவளுக்கு ஒத்துவரவில்லை. பொழுது சாய்ந்து, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பிய எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் சாளை மீன் குழம்பு கொண்டுவந்து கதவைத் தட்டியபோதுதான் உள்ளேயிருந்து குரல் வந்ததாம்.

"யாரு? நான் இங்கன அடுப்படில உக்காந்திருக்கேன். கொஞ்சம் பின்பக்கமா வர முடியுமா?"

அவ்வளவு மரியாதையாக. அந்த அக்காவின் வீட்டுக்காரர் பின்சுவர் ஏறிக் குதித்து அத்தையைத் தூக்கிவிட்டார்.

அடுத்த வாரமே அப்பா தூத்துக்குடியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தார். நானும் கூட வந்தேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த வீட்டைத் தன் சம்பளத்தில் கட்டி, அதில் தனியாகவே இருந்தவள்.

"இனிமே உன்ன இங்கன ஒத்தைல விட முடியாதுக்கா. ஈஸ்டர் முடியட்டும். பொறவு எங்ககூட வந்துரு. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுருவோம்."

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழப் பார்த்தாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்தி, முன்னால் சாய்ந்து, தொப்பென்று பின்னால் உட்கார்ந்து, மறுபடி சாய்ந்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். பார்த்தியா என்கிற மாதிரி ஒரு பார்வை.

ஈஸ்டர் வரைக்கும் அவளோடு யார் இருப்பது? வேறு யார், நான்தான். இன்ஜினியரிங் முடித்து, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ லேப்டாப்பத்தான தட்டுத? அத எங்கன இருந்து தட்டுனா என்ன?" என்றாள் அம்மா. கூடப் படித்த கூட்டம் பூராவும் பெங்களூரில் ரூம் எடுத்து ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தது. நான் கோவில்பட்டிக்குப் போகிறேன் என்றதும் குரூப்பில் ஒருத்தி "செம புரமோஷன்டி" என்று போட்டாள். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பாவின் கார் போன பிறகு அத்தையிடம் கேட்டேன்.

"தூத்துக்குடிக்கு வந்தா என்ன அத்த? கடல் காத்து, அம்மா சமையல்."

"உங்கம்மா சமையல நான் ஏன் கொற சொல்லுதேன்? ஆனா அங்க நான் விருந்தாளி. விருந்தாளிய எத்தன வருசத்துக்கு வச்சிருப்பாவ?"

"இங்கன மட்டும் என்ன இருக்காம்?"

"வேல இருக்கு."

"என்ன வேல?"

"காலைல கதவத் தொறக்கணும். பொழுதடைஞ்சா அடைக்கணும். தண்ணி வந்தா எடுக்கணும்."

இந்தத் தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் தினமும் வராது. தெருவுக்குத் தெரு முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். கோடையில் அந்த முறையும் தள்ளித் தள்ளிப் போகும். வருகிற தண்ணீருக்கும் மேலேறி வரத் தெம்பு கிடையாது. அதனால் எல்லா வீட்டு வாசலிலும் பைப்பைத் தரைக்குக் கீழே இறக்கி ஒரு குழி வெட்டியிருப்பார்கள். இடுப்பளவு ஆழம், சுற்றிச் சிமெண்டு, உள்ளே ஒரு படி, மேலே தகர மூடி. தண்ணீர் வந்தால் குழிக்குள் இறங்கிக் குந்தி, குடத்தை நிறைத்து, விளிம்பில் தூக்கி வைத்து, ஏறி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மோட்டார் போடுகிறவர்கள் உண்டு. அத்தை போடமாட்டாள். அது அடுத்த வீட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிற வேலை என்பாள்.

காய்ச்சல் வந்ததிலிருந்து அத்தையின் குடங்களை எதிர்வீட்டு அக்காதான் நிறைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் அவள் ஊரில் இல்லையென்றால் அத்தைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அப்பா சொல்வது இதைத்தான். அப்பா சொல்வதில் தப்பு இல்லை என்பதுதான் கடுப்பு.

நான் கொஞ்சம் ஜிம் பைத்தியம். கோயம்புத்தூரில் படித்த நாலு வருஷமும் கிளாஸைக் கட் அடித்திருக்கிறேன், ஜிம்மைக் கட் அடித்ததில்லை. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. கால் வீக்காக இருக்கிறது, பலம் ஏற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"அத்த, நீங்க தூத்துக்குடி போகாண்டாம். அதுக்கு ஒரே வழிதான். அப்பா கண்ணு முன்னால நீங்களே குழிக்குள்ள எறங்கி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு ஏறணும்."

"ஒனக்கு மண்ட கிண்ட கொழம்பிருச்சா?"

"எந்திரிங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா எந்திரிங்க. கை ஊனாம."

கை ஊன்றாமல் அவளால் முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக்கினேன். அப்போது எழுந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மூன்றாவது தடவை மூச்சிரைத்தது. மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேட்டேன். பிரஷரையும் முழங்காலையும் பார்த்துவிட்டு, தாராளமாகச் செய்யலாம், அவசரப்படக் கூடாது, மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது, வலி கூடினால் நிறுத்த வேண்டும் என்றார்.

"நாந்தான் தெனமும் கோயிலுக்கு நடக்கேம்லா, அது போதாதா டாக்டர்?" என்று கேட்டாள் அத்தை. அவள் கோயில் என்று சொல்வது மாதா கோயிலை.

நடப்பது நெஞ்சுக்கு நல்லது, ஆனால் தரையிலிருந்து உங்களை எழுப்பிவிடுவது நடை இல்லை, தொடை என்றார் டாக்டர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்குள் இது சரி, வெளியே எப்படி? அத்தை தெருவில் இறங்கினால் போதும், ஊரே அவளிடம் படித்த ஊர். கடலை மிட்டாய்க் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து பையை வாங்கிக்கொள்வார். மினி பஸ்ஸில் கால் வைக்கும் முன்னால் ஒருத்தன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவான். ரேஷன் கடையில் யாரோ அவளது அரிசியைச் சுமந்து வந்து அடுப்படி வரைக்கும் வைத்துவிட்டுத்தான் போவார்கள். "டீச்சர், நீங்க இருங்க." இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். டீச்சர் இருந்தாள். இருந்து இருந்தே இப்படி ஆகிவிட்டாள். ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த ஊர் அவளை எதையுமே தூக்க விடவில்லை. அதற்குப் பெயர் மரியாதை. வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும், அதனால் அவளும் சொல்லவில்லை.

அதனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். காலையில் நான் லாகின் பண்ணும் முன்னால் நாற்காலி. அது முடிந்ததும் சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சாயங்காலம் சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தொடைக்கு வேலை. நடுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் சதை வளருகிறது என்று சொன்னதை மட்டும் அவள் உடனே நம்பினாள்.

சாப்பாட்டில் பெரிய சண்டை வந்தது. அத்தை காலையில் பழையது, மத்தியானம் மோர்ச்சோறு, ராத்திரி மறுபடி மோர்ச்சோறு. எல்லாவற்றுக்கும் அதே நார்த்தங்காய் ஊறுகாய்.

"பருப்பு எங்க அத்த? பயறு எங்க? முட்ட எங்க?"

"ஒரு ஆளுக்கு என்னத்தப் பொங்க?"

அதை அவள் புலம்பலாகச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் கணக்குச் சொல்வது போல, இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி சொன்னாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒரு பால் பாக்கெட், ஒரு ஊறுகாய் பாட்டில், பாதி எலுமிச்சம்பழம். உள்ளே லைட் பளிச்சென்று எரிந்தது. அன்றிலிருந்து பாசிப்பயறு, கொண்டைக்கடலை, அவித்த முட்டை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆரம்பித்ததும் முட்டையை ஒதுக்கிவிட்டாள். ஆண்டவருக்காக விட்டது என்றாள். ஆண்டவர் பயறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

ஆரம்ப ஜோர் குறைந்த பிறகு ஒரு நாள் அவள் வரவில்லை. நாற்காலியைப் போட்டு, தலையணையை வைத்து, கூப்பிட்டேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மூட்டு வலிக்கா?"

"இல்ல."

"பொறவு?"

"நீ வாரதுக்கு முன்னால இந்த வீட்டுல யாரும் பேசமாட்டாவ. அது பழகிருச்சு. இப்ப பகல் பூரா பேச்சுச் சத்தம் கேக்கு. நீ காதுல அதப் போட்டுக்கிட்டு வேற யாருட்டயோ பேசுத. நான் அடுப்படில நின்னு என்னட்டயோன்னு ரெண்டு மட்டம் பதில் சொல்லிட்டேன்."

நானும் பகல் முழுக்க ஸ்கிரீனில் கட்டம் கட்டமாகத் தெரிகிற முகங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அதில் பாதிப் பேர் கேமராவைப் போடுவதே இல்லை. வேலை முடிந்ததும் மாடிக்குப் போவேன். ஊர் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடம் அங்கிருந்து தெரியும். உளுந்து எடுத்த காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் ஒரு பயலும் ஒன்றும் சொல்லமாட்டான். கீழே அத்தையும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

அன்றைக்கு நாற்காலியை இன்னொன்றாகப் போட்டேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டோம்.

"சேந்து எந்திப்போம் அத்த. எந்திக்கும்போது நீங்க ஒண்ணு கேளுங்க, உக்காரும்போது நான் பதில் சொல்லுதேன்."

அவள் எழுந்துகொண்டே கேட்டாள். "ஒனக்கு மாப்பிள பாக்காவளா?"

"இந்தக் கேள்வி செல்லாது. அடுத்தது."

"அந்தக் கம்பெனில உன்ன ஒரு தடவயாவது நேர்ல பாத்திருக்காவளா?"

நான் உட்கார்ந்தேன். "இல்ல அத்த."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

அத்தை என்னைப் பாவமாகப் பார்த்தாள். பாவப்படுவது என் வேலையாக இருந்திருக்க வேண்டியது.

தலையணை இரண்டிலிருந்து ஒன்றானது. அப்புறம் அதுவும் போய், வெறும் நாற்காலி. அடுத்து என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தவக்கால வெள்ளிக்கிழமைகள் வந்தன. கோயிலில் சிலுவைப்பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்து பட்ட பாடுகளை நிலை நிலையாக நினைத்துச் செய்கிற ஜெபம். ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். பதினான்கு நிலைகள். முதல் வெள்ளி, அத்தை கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே, வயசானவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் இறங்கி இறங்கி ஏறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அத்த," என்றேன் மெதுவாக, "இது ஜிம்முல அப்படியே இருக்கு. ஒரு கால முன்ன வச்சு, ஒரு முட்டியத் தரைல தொட்டு எந்திக்கது."

"ஏட்டி, ஆண்டவரோட பாடு ஒனக்கு எக்ஸைஸா?" என்று தொடையில் கிள்ளினாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலிக்குப் போகவில்லை. பெஞ்சு ஓரத்தில் நின்று, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முதல் நிலைக்கு முழங்காலிட்டாள். எழும்போது பெஞ்சு கிறீச்சிட்டது. மூன்றாவது நிலையோடு உட்கார்ந்துவிட்டாள். ஆண்டவர் முதல் முறை கீழே விழுகிற நிலை அது. வீட்டுக்கு வரும் வழியில், "அவரே மூணு மட்டம் விழுந்து எந்திச்சிருக்காரு" என்றாள். அதற்கப்புறம் வெள்ளிக்கு வெள்ளி அவள் உட்காருகிற நிலை தள்ளிப்போனது. பெரிய வெள்ளியன்று கடைசி நிலைக்கும் முழங்காலிட்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா ஜெபத்துக்கு நடுவில் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

இடையில் குடத்தையும் ஆரம்பித்திருந்தோம். முதலில் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துப் பின்வாசல் படி இறங்கி ஏறுவது. அப்புறம் உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர். பழகப் பழக இன்னொரு சொம்பு. சொம்பு ஏறுவது அவளுக்குப் பிடித்திருந்தது. "இன்னைக்கு எத்தன சொம்பு?" என்று என்னை முந்திக்கொண்டு கேட்பாள். கடைசியாக, தெரு காலியாக இருக்கும் மத்தியான நேரத்தில், தண்ணீர் வராத வெறும் குழியின் மூடியைத் திறந்து இறங்கிப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து, அவள் எழப்போகும் நேரம் பார்த்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவருக்கு மீசையெல்லாம் நரைத்திருந்தது. அவரும் பழைய மாணவர்தான்.

"ஐயையோ, டீச்சர்! குழிக்குள்ள என்னத்தத் தொலச்சிட்டிய? நீங்க ஏறுங்க, நான் எடுத்துத் தாரேன்!"

"ஒண்ணும் தொலைக்கலலே. நீ வண்டிய எடு."

"கம்மலா டீச்சர்?"

"கம்மல் காதுலதான இருக்கு. போலே."

அவர் போகவில்லை. இறங்கிவந்து, அவள் முழங்கையைப் பிடித்து, அலாக்காகத் தூக்கி மேலே விட்டுவிட்டு, குழிக்குள் குனிந்து நல்ல மனசோடு தேடினார். அத்தையின் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

விஷயம் எதிர்வீட்டு அக்காவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வேலை விட்டதும் நேராக வந்தாள். விரலெல்லாம் தீக்குச்சி மருந்து வாசம்.

"ஏம் பிள்ள, படிச்ச பிள்ளதான நீ? வயசான மனுசியக் குழில எறக்கி வேல வாங்குதியே, அடுக்குமா? நாங்க தண்ணி எடுத்துக் குடுக்கலயா? என்னைக்காவது முகஞ் சுளிச்சோமா?"

"அதில்லக்கா. அவியளே எடுத்தாத்தான் அப்பா இங்கன இருக்க விடுவாரு."

"அதுக்கு இந்தப் பாடா? நான் இருக்கும்போது டீச்சர் ஏன் குடந் தூக்கணும்?"

"நீ இல்லாதப்போ?" என்றாள் அத்தை.

அக்கா "நான் எங்க போவப் போறேன்?" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஈஸ்டர் அன்று அப்பா வந்தார். காரின் பின்சீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்டி கட்டக் கயிறுகூட வைத்திருந்தார். மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. நான் முன்னாலேயே போனில் சொல்லியிருந்தேன்: "தண்ணி வாரத நின்னு பாத்துட்டுத்தான் முடிவு சொல்லணும்பா." அவர் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தார்.

தண்ணீர் வரும்போது தெருவில் ஒரு சத்தம் வரும். குழிகளின் தகர மூடிகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டு நான் எழுந்து முன்னறைக்கு வந்தேன். அத்தை எனக்கு முன்னால் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகி, கொண்டையை இறுக்கிப் போட்டுத் தயாராக நின்றாள். அப்பா எழுந்து காப்பியோடு வந்து நிற்க நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தோம்.

வாசலில் எங்கள் குடங்கள் எல்லாம் வரிசையாக நிறைந்து நின்றன. ராத்திரியே வெளியே எடுத்து வைத்தது நான்தான். எதிர்வீட்டு அக்கா கடைசிக் குடத்தை விளிம்பில் வைத்துவிட்டு, எங்கள் குழியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"நீங்க கெளம்புதியன்னு கேள்விப்பட்டேன் டீச்சர். காரு நிக்குல்லா. அதான், கடைசியா என் கையால ஒரு நடை புடிச்சு வச்சிருவோம்னு வந்தேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளைத் திட்டவும் முடியாது. ஊற்றிவிட்டு மறுபடி பிடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்ல தண்ணீரைத் தரையில் ஊற்றினால் எங்கள் தெருவில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். இருந்த பாத்திரம் எல்லாம் நிறைந்துவிட்டது.

"பாத்தியாக்கா?" என்றார் அப்பா, குரலைத் தணித்து. "ஊரு சனம்தான் உன்ன வச்சுக் காப்பாத்துது. நல்லவங்கதான். ஆனா எத்தன நாளைக்கு?"

எனக்கு அத்தை முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவு சொம்பும் வீண் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவள் வாசல் இறங்கினாள். எங்கள் குழியைத் தாண்டினாள். தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே அந்த அக்காவின் குடங்கள் காலியாகக் கிடந்தன. எங்களுக்குப் பிடித்ததில் அவள் தன் வீட்டுக்கு இன்னும் ஒரு சொட்டுகூடப் பிடிக்கவில்லை.

"டீச்சர், என்ன செய்தீய? டீச்சர்!"

"தண்ணி நின்னுறப் போகுது. நீ சும்மா நில்லு."

அத்தை குழியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை இறக்கினாள். இன்னொரு காலையும் இறக்கினாள். குந்தினாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர் குடத்துக்குள் விழுகிற சத்தம் முதலில் கணகணவென்று இருந்து, போகப் போக மந்தமானது. அக்கா பிடிக்க ஓடினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை அடிக்காத குறை.

"மூச்சப் பிடிக்காதிய அத்த!" என்று கத்தினேன்.

குடம் முழுக்க நிறையவில்லை, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. அத்தை அதைக் கட்டிப்பிடித்து எழுந்தாள். பாதியில் நின்றாள். குடத்தை உள்படியில் வைத்து, மூச்சு வாங்கினாள். தெருவில் நாலைந்து பேர் அவரவர் குழியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. மறுபடி தூக்கி விளிம்பில் வைத்தாள். ஒரு முழங்காலை மேல்விளிம்பில் ஊன்றினாள், சிலுவைப்பாதையில் எழுவதைப் போலவே எழுந்தாள். குடத்தை இடுப்பில் இடுக்கி, அக்காவின் வீட்டு வாசல்படி ஏறி, உள்ளே கொண்டுபோய் இறக்கி வைத்தாள்.

"அடுத்த குடத்தக் கொண்டா," என்றாள் வெளியே வந்து.

அக்கா கொடுக்கவில்லை. காலிக் குடத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். "போதும் டீச்சர்."

அப்பா வாசலில் நின்ற எங்கள் குடம் ஒன்றைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். இரண்டடி நடந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினார்.

"நீ சேர்ல உக்காரு தம்பி," என்றாள் அத்தை. நானே உள்ளே எடுத்துப்போனேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா கிளம்பினார். "சரிக்கா, இருந்து பாரு. முடியலன்னா ஒரு போனு" என்றார். பெட்டி கட்டக் கொண்டுவந்த கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொடிக்கயிறாகக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தை ஜெயித்துவிட்டாள். அதற்கு அர்த்தம், அவளுக்கு நான் தேவையில்லை என்பது. அதுவரை இதை நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் என் கம்பெனியும் ஆட்களை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டது. பையைக் கட்டினேன். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்றாள் அத்தை. ஆட்டோவில் என் பெரிய பையை அவளே தூக்கி வைத்தாள். பிளாட்பாரத்தில் ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அசெம்பிளியில் நிற்பதுபோல நின்றாள்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ரீல்ஸ் போட்ட கூட்டத்தில் பாதி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆபீஸில் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காதை அடைத்துக்கொண்டு அவரவர் கால் பேசுகிறோம். இங்கே தண்ணீர் கேனில் வருகிறது. கொண்டுவருகிற பையன் மாடி ஏறி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சீரியல் நேரத்தில் அத்தைக்குப் போன் போடுவேன். முதலில் கொஞ்ச நாள் பேசினோம். தண்ணீர் வந்ததா, வந்தது. யார் எடுத்தது, ஏன், நான்தான். அக்காவுக்கும் ஒரு குடம் வைத்தேன், இப்போதெல்லாம் அவள் வாங்கிக்கொள்கிறாள். பயறு தின்றீர்களா, தின்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் போனை வைக்கமாட்டோம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிடுவாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். விளம்பரம் வந்ததும் அங்கே நாற்காலி கிறீச்சிடும். இங்கே என்னுடையதும். அவள் மூச்சு விடுவது கேட்கும். மூச்சைப் பிடித்து வைக்காமல் விடுகிறாள்.

சில நாள் நடுவில் லைன் அமைதியாகிவிடும்.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன் அத்த."

"சரி. எந்தி."